எண்பது கிலோ குறைந்த வண்டி

நூற்றுத் தொண்ணூறு கிலோ வண்டி சாய்ந்தால் நிமிர்த்த மூன்று ஆள் வேண்டும் என்கிற விஷயம் மிஷின் அக்காவுக்கு அறுபத்து நான்காவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் அவள் ஒருத்தியே போதுமாக இருந்தாள்.

அக்காவின் தொழில் தையல் மிஷின் ரிப்பேர். தையல் கடைக்காரர்கள், சீருடை தைக்கிற பெரிய ஹால்காரர்கள், வீட்டு முன்னறையில் ஒற்றை மிஷின் போட்டுப் பிழைக்கிறவர்கள், எல்லாருக்கும் அவள்தான் வைத்தியர். நூல் அறுகிறது, தையல் விட்டுப்போகிறது என்று போன் வந்தால் கருவிப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் வருவது இரண்டு தெரு தள்ளியே கேட்கும். வண்டிக்கு அவள் வைத்த பெயர் எருமை. நிறம் கறுப்பு, உடம்பு கனம், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் எந்த மேட்டையும் பார்த்து முனகியது கிடையாது.

பத்தொன்பது வயதில் சீருடை ஹாலுக்குத் தைக்கப் போனவள் அவள். மிஷின் நின்றால் மெக்கானிக் வருகிற செவ்வாய்க்கிழமை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது மட்டும் அவளுக்குப் பிறவியிலேயே வராது. ஒரு வியாழக்கிழமை கத்தரிக்கோல் முனையால் திருகைக் கழற்றி, அடியில் சிக்கியிருந்த நூல் உருண்டையை எடுத்து வெளியே போட்டாள். சூப்பர்வைசர் கத்தோ கத்தென்று கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் பக்கத்து மிஷின்காரி கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரம் பக்கத்து ஹால்.

இருபத்தெட்டு வயதில், ஸ்டுடியோவை மூடிவிட்டுப் போன ஒரு போட்டோக்காரரிடம் எருமையை வாங்கினாள். "பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்று தெருவே கேட்டது. "பெட்டி பெரிசு" என்றாள். அதற்கு மேல் யாரிடமும் அவள் விளக்கம் சொல்லவில்லை.

அந்த ஹாலில் கிளார்க்காக இருந்தவர் ஒருநாள் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு, தயங்கித் தயங்கி அவள் பின்னால் ஏறினார். அன்றைக்கு ஏறியவர்தான், முப்பத்தைந்து வருஷமாகியும் இறங்கவில்லை. கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான், ரிட்டயரும் ஆகிவிட்டார். வண்டி ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், மழை விட்ட ஒரு காலையில், ஒரு தையல் கடை வாசலில் எருமை சாய்ந்தது. ஸ்டாண்டு போடும்போது ஈரத் தரையில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். அக்காவுக்கு ஒரு கீறல் இல்லை. வழக்கம்போல வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் சீட்டுக்கடியையும் பிடித்து, இடுப்பைக் கொடுத்துக் காலால் உந்தினாள். எருமை அரையடி எழுந்து மறுபடி படுத்துக்கொண்டது. இரண்டாம் தடவை அந்த அரையடியும் எழவில்லை. எதிர்க் கடையிலிருந்து மூன்று பேர் ஓடிவந்து நிமிர்த்தினார்கள். இன்னொருத்தன் ஒத்தாசைக்கு வராமல் நின்ற இடத்திலிருந்தே போனில் படம் எடுத்தான். அவனுக்கு அக்காவின் மகனைத் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

மகன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. 'எச்சரிக்கை' என்று பலகை மாட்டுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பலகையை அவன் கழற்றுவதில்லை. அன்று சாயங்காலமே வந்து, எருமையின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போதும்மா. முப்பத்தாறு வருஷம் ஓட்டியாச்சு. இனிமே ரெஸ்ட் எடு."

"எடுத்து?"

"டிவி பாரு. எங்கயாவது போகணும்னா ஞாயித்துக்கிழமை நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"மிஷின் ஞாயித்துக்கிழமை பார்த்துத்தான் ரிப்பேர் ஆகுமா?"

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

அக்காவுக்குக் கோபம் பொங்கியது. மகன் மேல்கூட அவ்வளவு இல்லை, இரண்டாம் தடவை எழாமல் போன தன் முட்டிகள் மேல்தான். மகன் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கே தெரியும். பாதி உண்மைக்கு முழுசாகத் தலையாட்ட வேண்டுமா என்ன? வண்டி கனம் என்றால் வண்டியை மாற்ற வேண்டும். அதற்காக ஆளைக் கழற்றி மூலையில் வைப்பார்களா?

"சரி, எருமையை வித்துடறேன். சாவியைக் குடு" என்றாள்.

அம்மா இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வந்தது மகனுக்கே ஆச்சரியம். பெற்ற தாயை அவன் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

புதன்கிழமை எருமையை ஓட்டிக்கொண்டு நேராக வண்டிக் கடைக்குப் போனாள். விற்பனைக்காரர் கலர் எத்தனை, மைலேஜ் எத்தனை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இருக்கட்டும். வெயிட் எவ்வளவு?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போல. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "நூத்திப் பத்து கிலோங்கம்மா."

"எண்பது கிலோ குறைச்சல். எங்க வீட்டுக்காரரையே இறக்கிவிட்ட மாதிரி."

கூட வந்திருந்த வீட்டுக்காரர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்றார் விற்பனைக்காரர். "உங்க பழைய வண்டில கியர் வலது கால், பிரேக் இடது கால். இதுல எல்லாம் நேர்மாறு. பழகணும்."

"ரெண்டு காலும் என்னுதுதானே? சொன்னா கேட்கும்" என்றாள் அக்கா.

எருமையை அங்கேயே கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது கண் கலங்கியது. விற்பனைக்காரர் முன்னால் மூக்கை உறிஞ்ச வேண்டாமே என்று சும்மா இருமி வைத்தாள்.

புது வண்டியைக் கடை ஆள் ஓட்டிவந்து வீட்டில் விட்டுப் போனார். மூன்று நாள் பின்சந்தில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி வெயிட்டே இல்லாமல் சொன்னபடி வளைந்தது. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. அதனால் வீட்டுக்குள்ளும் பயிற்சி நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "இடது கியர், வலது பிரேக்" என்று முணுமுணுத்தபடி தரையை மிதித்துக்கொண்டிருப்பாள். "தைக்கிறதா இருந்தா என் சட்டையும் கிழிஞ்சிருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். வாசலில் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்துவிட்டு, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் வண்டிக்குப் போட்டியாகச் சிவந்தது.

"வித்துடறேன்னு சொன்னே!"

"வித்தாச்சே. வாங்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

அவன் வாசலில் இரண்டு நடை நடந்தான். பிறகு பாதுகாப்பு அதிகாரியாகவே மாறிவிட்டான். "சரி, டெஸ்ட் வெச்சுக்கலாம். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வா. கால் தரையில படக்கூடாது. பட்டுச்சுன்னா சாவியை என்கிட்ட குடுத்திடணும். திரும்பக் கேட்கக்கூடாது."

அக்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். இந்தச் சாவியும் போனால் நாளைக்குப் போன் வரும்போது, "மகனைக் கேட்டுச் சொல்றேன்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நினைக்கவே அவளுக்கு வாய் கசந்தது.

"வெச்சுக்கலாம்" என்றாள்.

போனாள். தெருமுனையில் கால் ஊன்றாமல் அழகாகத் திரும்பினாள். எதிர் வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து கை தட்டினார்கள். வீட்டை நெருங்கும்போதுதான், வேகத்தைக் குறைத்து கியரை இறக்க வேண்டிய நேரத்தில், முப்பத்தாறு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. வலது கால் ஓங்கி மிதித்தது. அது கியர் இல்லை, பிரேக். சடக்கென்று வண்டி நட்டுவைத்தது போல நின்றது. நின்ற வண்டி சாய்ந்தது. அக்கா, மகன் காலடியிலேயே விழுந்தாள்.

"அம்மா!" என்று பதறி ஓடிவந்தான் மகன். வீட்டுக்காரர் பேப்பரோடு எழுந்துவிட்டார்.

"கிட்ட வராதே! யாரும் வரக்கூடாது!"

போட்ட சத்தத்தில் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அக்கா முதலில் தன்னை எழுப்பிக்கொண்டாள். முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது, அதைப் புடவையில் ஒற்றிக்கொண்டாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். ஹேண்டில்பாரில் ஒரு கை, சீட்டுக்கடியில் ஒரு கை. முட்டி இரண்டும் சடசடத்தன. உந்தினாள். வண்டி எழுந்தது, அரையடியில் நிற்காமல் முழுசாக எழுந்து நின்றது. ஸ்டாண்டைத் தட்டிப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

மகன் கையை நீட்டினான். குரல் தணிந்திருந்தது. "விழுந்துட்டியேம்மா. பேசினது பேசினதுதான். சாவி."

"விழமாட்டேன்னு சொல்லியா இதை வாங்கினேன்? விழுந்தா நானே தூக்கிக்கலாம்னுதான் வாங்கினேன்."

"மறுபடியும் விழுந்தா?"

"மறுபடியும் தூக்குவேன்."

"அம்மா, உனக்கு வயசாச்சும்மா..."

"ஆச்சு. நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்குற நாள் ஒண்ணு வரும், அன்னிக்கு நீ முன்னால நில்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் என்னையும் என் வண்டியையும் நானே தூக்கிக்கறேன்."

நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. அக்கா உள்ளே போய்க் கருவிப் பெட்டியை எடுத்துவந்து பின்னால் கட்டினாள். சீருடை ஹாலில் இரண்டு மிஷின் காலையிலிருந்து நின்று கிடந்தன. ஏறி உட்கார்ந்து, தலையைக் குனிந்து இடது காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, கியரைப் போட்டாள்.