ஆறு மணி வண்டியின் கடைசி இருக்கை

பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கால் இன்னும் பிரேக்கைத் தேடுகிறது. அந்த நேரத்து வண்டிமேல் எனக்கு அவ்வளவு ஏக்கம். அதிலும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தே கல்லூரி படித்த அந்தப் பெண்ணை மறக்க முடியவில்லை.

நாற்பது வயதிருக்கும். பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டி விரல்களெல்லாம் வெளுத்திருக்கும். சமுதாயக் கல்லூரியில் மருத்துவப் பதிவேடு பராமரிக்கும் படிப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பெல்லாம் ஆன்லைனில், ஆறிலிருந்து ஏழு. வீட்டில் இருப்பது ஒரே அறை. அதற்குள் மாமியார், மூன்று பிள்ளைகள், ஓயாத டிவி. எனவே வகுப்பு என் வண்டியில்.

ஆன்லைனில் படிக்கத் தயாரா என்று சேரும்போதே கல்லூரியில் இருபது கேள்வி கேட்டார்களாம். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருக்கிறார்கள். அமைதியாகப் படிக்க இடம் உண்டா என்ற கேள்விக்கு இவள், 'உண்டு, பதினேழாம் எண் பேருந்து' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"ஒரு பொய் எழுதினா என்னம்மா?" என்றேன்.

"நெட் கட்டானா அப்புறம் இன்னொரு பொய் சொல்லணுமேண்ணா."

"இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?"

"பதினஞ்சு வருஷமா வெளிய மழையா வெயிலான்னு தெரியாம வேலை பாக்கறேன். ஜன்னல் இருக்கற ரூம்ல உக்காரணும். அவ்ளோதான்."

சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு தேர்வு தவறினால் சான்றிதழ் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் போன் சிக்னல் செத்துவிடும், அதில் போனதுதான். வேலை முடிந்து மருத்துவமனையிலேயே இருந்து எழுதலாம் என்றால், அடுத்த வண்டி ஒன்பதுக்குத்தான். பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும்.

கடைசித் தேர்வு ஆறு மணிக்கு, முப்பது நிமிடம். என் ஓட்டத்தில் பாலம் இருபதாவது நிமிடத்தில் வந்துவிடும். பயணிகள் எனக்கு வைத்த பெயரே 'ராக்கெட்'. அன்று ராக்கெட் ஊர்ந்தது. முப்பது வருட உத்தியோகத்தில் முதல்முறையாகச் சிவப்பு விளக்குக்கு ஏங்கினேன். பாழாய்ப்போன விளக்குகள், அன்று பார்த்து ஒன்றுவிடாமல் பச்சை!

"என்ன ராக்கெட், தூக்கமா?" என்று ஒருவர் கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாலம் தெரிந்தபோது மணி ஆறு இருபத்தாறு. கண்ணாடியில் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"இன்ஜின் சூடாயிடுச்சு. நாலு நிமிஷம் ஆகும்."

"அதென்ன கணக்கா நாலு நிமிஷம்?"

"வண்டிய ஓட்டறது நானா நீங்களா?" என்று சீறினேன். புகார் போனது, மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, எப்போதும் பின்கதவில் ஏறுகிறவள் முன்கதவில் ஏறினாள். "பாஸாயிட்டேண்ணா" என்றாள். நான் ஹாரனை நீளமாக அடித்தேன்.

எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தவள், போனைப் பைக்குள் போட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். இரண்டு வருடத்தில் என் வண்டியில் அவள் கண்மூடி நான் பார்த்ததே இல்லை.

அவள் நிறுத்தம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம் போய்த் திரும்பப் பத்தே நிமிடம். பிள்ளைகள் அவ்வளவு பொறுக்கமாட்டார்களா என்ன?