பூசணிக்காய்க்கு யார் பொறுப்பு

செஞ்சியில் நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'குழந்தைகளைப் பெற்றோரே கவனித்துக்கொள்ளவும். நிர்வாகம் பொறுப்பல்ல.' அதற்கு நேர் கீழே, காசு போட்டால் ஆடுகிற பிளாஸ்டிக் யானை. வாசலில் நிற்கும் பெண் ஒவ்வொரு குழந்தைக்கும் மிட்டாய் தருவாள். குழந்தைகளை உள்ளே இழுப்பதுவரை நிர்வாகத்தின் வேலை. இழுத்த பிறகு பெற்றவர்கள் பாடு. நல்ல ஏற்பாடு.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு திணறியது. வியாபாரம் அமோகம் என்பதால் கடைக்காரருக்குக் கண் பட்டுவிடுமோ என்ற பயமும் அமோகம். பொழுது சாய்ந்ததும் பூசணிக்காயைக் குடைந்து, குங்குமமும் சில்லறையும் போட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, கடைப் படிக்குக் கீழே ஓங்கி உடைத்தார்கள். என் மகளுக்கு ஏழு வயது. என் கையை உதறிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு காசு பொறுக்க ஓடினாள். பூசணிச் சதையில் வழுக்கி, கிரானைட் படியில் முழங்கை மோத விழுந்தாள்.

அவள் அலறினாள். கடைக்காரர் ஓடி வந்தார். பிள்ளையைத் தூக்குவார் என்று நினைத்தேன். அவரோ கடை ஆளைப் பார்த்து, "பாத்தியா, எவ்ளோ பெரிய திருஷ்டி இருந்துக்குது! இன்னொரு காய் எட்த்துனு வா" என்றார். நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது இரண்டாவது காய் உடைகிற சத்தம் கேட்டது. கடையின் திருஷ்டி கழிந்தது. என் மகளின் எலும்புதான் முறிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வலது கை வாய்வரை மடங்கவில்லை. இனி மடங்காமலே போகலாம் என்றார் டாக்டர். இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று, பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தாள். அன்றைக்குத்தான் வக்கீலிடம் போனேன்.

"போர்டு மாட்டிட்டா பொறுப்பு பூடாதும்மா" என்றார் அவர். "கடைக்கு வர்றவங்க பத்திரமா வந்து போறத கடைக்காரருதான் பாத்துக்கணும். சின்னப் புள்ளைங்க வர்ற எடம்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். காசு போட்டு ஒடைச்சா புள்ளைங்க ஓடியாரும்னு அவருக்குத் தெரியாதா இன்னா?"

நோட்டீஸ் போனது. கடைக்காரர் பழத்தட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒடைச்சது ரோட்லம்மா. ரோடு எங்களுதா?"

"படி உங்களுதுதானே?" என்றேன்.

"படி எங்களுதுதான். ஆனா படி வழுக்கலியே, காய்தானே வழுக்கிச்சி!"

"காய் யாருது?"

"அது சாமிக்கு உட்டதும்மா."

ஆக, என் பிள்ளையின் கைக்கு ரோடு பொறுப்பு, காய் பொறுப்பு, சாமிகூடப் பொறுப்பு. கடைக்கு மட்டும் சம்பந்தமே இல்லை. கடைசியில் இறங்கி வந்தார். "இனிமே எங்க வாசல்ல காய் ஒடைக்கவே மாட்டோம், சத்தியம். கொழந்தைக்கு ஒரு பட்டுப் பாவாடை தர்றோம். கேஸ் கீஸ்னு வாணாம்மா."

விட்டுவிடலாம் என்றார் என் கணவர். எனக்கும் அலைந்து அலுத்திருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வந்த அமாவாசையன்று மகளோடு அந்தப் பாவாடையை வாங்கப் போனேன். மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. அவர் வாசல் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. அவருடைய ஆள் காயைச் சுற்றி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து மருந்துக் கடை வாசலில் உடைத்தான். சில்லறை தெறித்தது. காய்ச்சல் கண்ட குழந்தையை இடுப்பில் வைத்து மருந்துக்கு நின்றிருந்தாள் ஒருத்தி. அவளுடைய மூத்தது காசைப் பார்த்துப் பாய்ந்தது.

"போவாத!" என்று கத்திக்கொண்டே என் மகள் இடது கையால் அதன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வலது கை பாதி மடங்கியபடி அந்தரத்தில் நின்றது.

கடைக்காரர் உள்ளிருந்து சிரித்தார். "வாங்கம்மா. பாத்தீங்களா, நம்ம வாசல்ல ஒடைக்கல."

"பாத்தேன்" என்றேன்.

பாவாடையை நான் கேட்கவில்லை. கேஸைப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல, மகளைக் கூட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தேன்.