பெரியண்ணன் வாத்தியாரும் மார்கழி வெயிலும்

பெரியண்ணன் வாத்தியார் பள்ளிபாளையத்தில் காலமான செய்தி போன புதன்கிழமை ஒரு கார்டில் வந்தது. அவர் மனைவி யாரிடமோ சொல்லி எழுதச் செய்திருந்தார். நான்கே வரிகள். மறுநாள் பள்ளிக் குழுவிலிருந்து, இந்த இரங்கல் கூட்டத்தில் தலைமை ஆசிரியனாகிய நான் வாசிப்பதற்கென்று ஒரு தாள் வந்தது. "உடல்நலக் குறைவால் தாமாகவே பணியிலிருந்து விலகினார்" என்று அதில் கண்டிருந்தது. அவரோடு பழகிய உங்களுக்கு அது பொய்யென்று தெரியும். எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆகையால் என் சொந்த வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன்.

இளம்பிள்ளை ஊருக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. பூகோளமும் கணக்கும் அவருக்கு, தமிழ் எனக்கு. தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டார். "தெரியாதுன்னு சொன்னா வாயா வலிக்குதுங்க?" என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறார்.

ஊர் நிலத்தில் பெரும்பகுதி மிட்டாதாருடையது. பள்ளிக் கட்டடமும் அவர் கொடுத்ததே. ஒரு மார்கழியில் அவருடைய விருந்தாளியாக ஒரு பௌராணிகர் வந்து, மாலைதோறும் கோயில் முன்னால் புராணம் சொன்னார். பூமி தட்டுப்போலப் பரந்தது என்றார். உருண்டையென்றால் அடியில் இருப்பவன் விழுந்துவிட மாட்டானா என்று கேட்டார், கூட்டம் சிரித்தது. காலையில் சூரியன் தொலைவில் இருப்பதால் குளிர்கிறது, உச்சிப்பொழுதில் கிட்டே வருவதால் சுடுகிறது என்றும் சொன்னார்.

பெரியண்ணன் எழுந்தார். "ஒரு சந்தேகமுங்க சாமி. கிட்டக்க வாரதாலதான் சூடுன்னா, உச்சியில சூரியன் பெருசாத் தெரியோணுமுங்களே? காலையில பாத்த அளவுதானுங்களே இருக்குது?"

"அப்படியானால் சூடு எதனால் என்று நீர் காட்டும்" என்றார் பௌராணிகர் கோபமாக.

"நாளைக்குக் காலையில காட்டறனுங்க."

மறுநாள் வெயில் ஏறுமுன் பாதி ஊர் கோயில் முன்னால் கூடிவிட்டது. பெரியண்ணன் ஒரே அளவான இரண்டு பித்தளைத் தட்டுகளில் விளக்குக் கரியைப் பூசி, நடுவில் உறைந்த தேங்காயெண்ணெயைச் சம அளவில் வைத்தார். ஒன்றைத் தரையில் படுக்கவைத்தார். மற்றொன்றைச் சூரியனைப் பார்க்கும்படி கல்லில் சாய்த்துவைத்தார். வெயில் கொஞ்சம் ஏறியது. பிறகு சாய்த்த தட்டில் எண்ணெய் இளகி, மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது. படுத்திருந்த தட்டில் அது வெள்ளையாக அப்படியே இருந்தது.

"ரெண்டு தட்டுக்கும் சூரியன் ஒரே தூரந்தானுங்க. எதுக்க நிக்கற தட்டுல வெயில் நேரா உளுகுது. படுத்துக் கெடக்கறதுல சாஞ்சு உளுந்து பரவிப் போயிருது. காலை வெயிலு சுடாததுக்கு முக்கியமா இதுதானுங்க காரணம்" என்றார் அவர். உடனே, "இதுனால பூமி உருண்டைன்னு ஆயிராதுங்க. அதுக்கு வேற சாட்சி இருக்குது" என்றும் சொன்னார். வெற்றிபெற்ற நேரத்திலும் அவ்வளவு நேர்மை!

அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை. தறிக்குப் பாவு நூல் நீட்ட வந்திருந்த ஒரு அம்மாள், "அட, எண்ணெய்க்குத் தெரிஞ்சது சாமிக்குத் தெரியலையே!" என்றாள். ஊரே சிரித்தது. மிட்டாதாரும் பௌராணிகரும் எழுந்து போனார்கள்.

மூன்றாம் நாள் மிட்டாதார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெரியண்ணன் கோயில் முன்னால் தெய்வத்தை இகழ்ந்தார் என்று எழுதிய தாள், என் சாட்சிக் கையெழுத்துக்காக மேசைமேல் இருந்தது. அவர் தெய்வத்தைப் பற்றிப் பேசவேயில்லை என்று நான் மெல்லச் சொன்னேன்.

"பூமி எப்படி வேணாலும் இருந்துட்டுப் போகுது, வாத்தியாரே. என்ற விருந்தாளியப் பாத்து ஊரு சிரிச்சுதா, இல்லியா?"

"சிரிச்சுதுங்க."

"அப்பப் போடுங்க கையெழுத்த."

போட்டேன். அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எண்ணெய் இளகிய அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூட அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் குடும்பத்தோடு பள்ளிபாளையத்துக்குப் போய், ஒரு சாயப்பட்டறையில் நூல் காயப்போடும் வேலையில் சேர்ந்தார். அவருடைய வகுப்பு எனக்கு வந்தது. சில வருஷத்தில் இந்தப் பதவியும் வந்தது.

உலக யுத்தம் முடிந்த வருஷம் அவரைத் தேடிப் போனேன். கைகள் முழங்கைவரை நீலமாயிருந்தன. இருமிக்கொண்டே, "வாங்க, உக்காருங்க" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீங்க கையெழுத்துப் போட்டது பயத்துலங்க. அது எனக்குப் புரியுது. ஆனா மறுநாளே என்ற வகுப்புக்குப் போயி, பூமி உருண்டைன்னு பாடம் நடத்துனீங்களாமே. அதைத்தானுங்க என்னால பொறுக்க முடியல."

எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் வட்டம் போடுகிறேன். பிள்ளைகள் பக்கம் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.