செங்கல்பட்டு லோக்கலில் ஒரு மூட்டைக் காய்

கடை வைத்திருந்தோம் என்று சொன்னால் எந்தத் தெருவில் என்று கேட்பார்கள். எங்கள் கடை என்பது இரண்டு எவர்சில்வர் தூக்கு, ஒரு கட்டைப்பை, நான், என் தோழி. அவ்வளவுதான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். கேன்டீனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சமோசாவும் பஃப்ஸும்தான் கிடைக்கும். அதைத் தின்றுவிட்டு மதிய வகுப்பில் பாதிப் பேர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய் இல்லாமல் காய்கறியில் ஏதாவது செய்து விற்றால் என்ன என்று தோழி கேட்டாள். விற்றுவிடலாம் என்றேன். யோசித்து ஒரு காரியம் செய்யும் பழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

முதலில் கேரட்டையும் வெள்ளரிக்காயையும் நீளநீளமாக நறுக்கி, மிளகுத்தூள் தூவி, காகிதக் கப்பில் போட்டு விற்றோம். விற்றோம் என்பது சும்மா பேச்சுக்கு. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், முயலுக்குப் போடறத எடுத்தாந்துகீதுங்க" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். அன்றிலிருந்து எங்களுக்கு முயல் கடை என்று பேர். நான் அவனோடு சண்டைக்குப் போனேன். தோழி வீட்டுக்குப் போய் யோசித்தாள்.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்தது கொழுக்கட்டை. அரிசி மாவில் பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்த மேல்மாவு. உள்ளே பொடியாக நறுக்கிய பீன்ஸ், கேரட், பச்சைப் பட்டாணி, கொஞ்சம் தேங்காய், மிளகு. எல்லாம் ஆவியில் வெந்தது. தூக்கைத் திறந்ததும் ரோஸ் நிறத்தில் பளபளவென்று அடுக்கியிருந்ததைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். முயல் என்றவன்தான் முதலில் வாங்கினான். தின்றுவிட்டு, இன்னும் ரெண்டு மிச்சம் கீதா என்று கேட்டான்.

சமைப்பதெல்லாம் கூடுவாஞ்சேரியில், தோழியின் வீட்டில். அதனால் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். நல்ல மனுஷி, எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறார். ஆனால் மகள் தூக்கை எடுத்துக்கொண்டு விற்கப் போவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவரும் தினம் எங்களைப் போலவே செங்கல்பட்டு லோக்கல் ரயிலில்தான் போய் வருவார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களும் அதில் வருவார்கள். டீச்சர் பொண்ணு கொழுக்கட்டை விக்குதாமே என்று ஒருத்தி கேட்டுவிட்டால் போதும், அவருக்கு உயிர் போய்விடும்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். தோழி தினம் ஒரு கொழுக்கட்டையை அம்மாவின் தட்டோரம் வைப்பாள். அவர் மற்றதைச் சாப்பிட்டுவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கல்லூரியே வாங்கித் தின்றும் என்ன பிரயோஜனம்? அம்மா ஒரு வாய் தின்னவில்லையே என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. லெந்து காலம், ஈஸ்டருக்கு முன்னால் வரும் உபவாச நாட்கள். கூடுவாஞ்சேரியில் அவர்கள் சர்ச்சில் ஒரு சனிக்கிழமை பெண்களுக்கு உபவாச ஜெபம். மதியம் உபவாசத்தை முடிக்கும்போது வழக்கமாகக் கஞ்சி கொடுப்பார்கள். போதகரின் மனைவி எங்கேயோ எங்கள் கொழுக்கட்டையைத் தின்று பார்த்திருக்கிறார். இந்தத் தடவை கஞ்சியோடு அதுவும் இருக்கட்டும் என்று தோழியையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை அவள் அம்மாவால் தட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளை உட்காரவைத்துச் சொன்னார்.

"எங்க சங்கத்துல எல்லாரும் சாப்பிடப் போறாங்க. பத்தலை, வேகலைன்னு ஒரு சொல் வந்துதுன்னா அப்புறம் நான் அங்க தலைநிமிர்ந்து நிக்க முடியாது. அப்படி ஆச்சுன்னா அன்னியோட இதை விட்டுடணும்."

இவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். என்னிடம் சொல்லும்போது முகம் செத்துப்போயிருந்தது.

பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. காய் நறுக்க ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தோம். வியாழக்கிழமை அதன் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு இது தேறாதும்மா என்றார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு பிராக்டிகல் பரீட்சை, முடியவே சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குமேல் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடி, ஒரு மூட்டை நிறையக் காய் வாங்கினோம். இன்னாம்மா, கல்யாண வூடா என்றார் காய்க்காரர். உங்க வூட்டுக் கல்யாணந்தான், சீக்கிரம் போடுங்க என்றேன். அவர் கோபப்படாமல் சிரித்து, ஒரு கட்டுக் கொத்தமல்லியைச் சும்மா போட்டுக் கொடுத்தார்.

இவ்வளவு காயையும் கையாலேயே நறுக்கியாக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படியில் யாரும் உருட்டக் கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம். விடிந்தால் மாவு பிசைந்து அவிக்கவே நேரம் சரியாக இருக்கும். எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது. நான் வழியெல்லாம் மெஷினை விற்றவனையும், பரீட்சை வைத்தவரையும், பீன்ஸைக் கண்டுபிடித்தவனையும் திட்டிக்கொண்டே வந்தேன். ஒருவழியாகச் செங்கல்பட்டு லோக்கலில், பெண்கள் பெட்டியில், மூட்டையோடு ஏறிக் கதவோரம் தரையில் உட்கார்ந்தோம்.

சாயங்கால நேரத்துப் பெண்கள் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிப் பேர் மடியில் பிளாஸ்டிக் கவரை விரித்து வைத்துக்கொண்டு காய் நறுக்குவார்கள், கீரை ஆய்வார்கள், பூண்டு உரிப்பார்கள். கைப்பையில் டப்பாவோடு ஒரு சின்னக் கத்தியும் இருக்கும். வீட்டுக்குப் போனதும் வாணலியில் போட வேண்டியதுதான் பாக்கி. தினம் பார்த்துப் பார்த்து எனக்கு அது கண்ணிலேயே படாமல் போயிருந்தது.

வண்டி பெருங்களத்தூரைத் தாண்டியதும் சிக்னல் கிடைக்காமல் நின்றது. எனக்கு இருந்த எரிச்சலுக்கு இது ஒன்றுதான் குறைச்சல். எதிர் சீட்டில் ஒரு அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. இவ்ளோ காய் எதுக்கும்மா என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், நான் கொட்டிவிட்டேன். மெஷின், பரீட்சை, சர்ச், எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவங்க அம்மா டீச்சர், பொண்ணு விக்கறது அவங்களுக்குக் கேவலமாம், நாளைக்கு ஒரு குறை வந்தா கடையை மூடணுமாம் என்று அதையும் சொன்னேன். என் குரல் அடுத்த பெட்டிக்கே கேட்டிருக்கும்.

நின்றுகொண்டிருந்த ஒரு பெண், உழைக்கிறதுல என்ன கேவலம், என்ன அம்மாவோ என்று சலித்துக்கொண்டாள். கீரை அக்கா அவளை அடக்கினார். டீச்சர்னா ஊர்க் கண்ணு பூரா அவங்க மேலதான் இருக்கும், அவங்க பயம் அவங்களுக்கு என்றார். பிறகு கீரையைக் கவரில் போட்டு முடிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேசினா காய் நறுங்குமா? குடு இப்படி."

அந்த நேரம் தோழி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவள் கண் போன பக்கம் பார்த்தேன். பெட்டியின் அந்தக் கோடியில் ஜன்னலோரம் அவள் அம்மா. வழக்கமாக இதற்கு முந்தின வண்டியில் போய்விடுகிறவர்; அன்றைக்குப் பள்ளியில் ஏதோ மீட்டிங்காம், பிறகு தெரிந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, முள்செடிதான். மூட்டையை மறைடி என்றாள் தோழி. அந்த மூட்டையை எங்கே மறைப்பது?

அதற்குள் மூட்டை எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. கீரை அக்கா ஒரு பிடி பீன்ஸை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு பிடி கொடுத்தார். அவள் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு நர்ஸம்மா பையிலிருந்து சானிடைசரை எடுத்து எல்லார் கையிலும் பிழிந்துவிட்டார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஒரு ஐ.டி. பெண் கேரட் சீவ ஆரம்பித்தாள். நிறைமாசமாக இருந்த ஒருத்தி பட்டாணியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். எந்த சைஸுக்கும்மா என்று அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. தோழி ஒரே ஒரு பீன்ஸைப் பொடியாக நறுக்கி, அதில் ஒரு துண்டை மாதிரிக்குக் கொடுத்தாள். அந்தத் துண்டு கைமாறிக் கைமாறிப் பெட்டி முழுக்கப் போயிற்று. வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, அடுத்தவளிடம் கொடுத்தார்கள்.

அடேயப்பா, அந்தச் சத்தத்தை நான் என்னவென்று சொல்வேன். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, மின்விசிறிச் சத்தம், அதற்குமேல் பெட்டி முழுக்கச் சின்னச் சின்னக் கத்திகள் நறுக்கும் சத்தம். நாள் பூரா நின்ற கால், தட்டச்சு செய்த விரல், வீட்டுக்குப் போனதும் இதே வேலையைச் செய்யப் போகிற கை. பேர்கூடத் தெரியாத இரண்டு பெண்களின் மூட்டையை மடியில் போட்டுக்கொண்டு, மாமியாரைப் பற்றியும் ட்யூஷன் ஃபீஸைப் பற்றியும் பேசிக்கொண்டே நறுக்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. தோழி மட்டும், எல்லாத்தையும் உப்புத் தண்ணியில ரெண்டு தடவை அலசணும் என்று முணுமுணுத்தாள். அவள் கவலை அவளுக்கு.

மாதிரிக்குக் கொடுத்த அந்தத் துண்டு அவள் அம்மாவிடமும் போயிற்று. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, பீன்ஸுக்குக் கையை நீட்டினார். அவரிடம் கத்தி இல்லை. நுனியைக் கிள்ளி, நாரை உரித்து உரித்துக் கொடுக்க, பக்கத்துப் பெண் நறுக்கினாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. தோழி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான்தான் தவித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி கிளம்பி, வண்டலூர் தாண்டி, ஊரப்பாக்கம் வந்தது. இறங்க வேண்டியவர்கள் நறுக்கியதைக் கவரில் போட்டு எங்களிடம் நீட்டிவிட்டு, நல்லா பண்ணுங்க பாப்பா என்று சொல்லி இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். கையில் இன்னும் நாலைந்து கேரட் பாக்கி இருந்தது. அக்கா உங்க ஸ்டேஷன் என்று நான் பதறினேன். கூடுவாஞ்சேரியில இறங்கித் திரும்பற வண்டியில் வந்துக்கறேன் என்றாள், பெரிய விஷயமே இல்லை என்பது மாதிரி. அவளுக்கு நாங்கள் யார்? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

மறுநாள் உபவாச ஜெபம் முடிந்து, பாத்திரம் வழித்துத் துடைத்த மாதிரி காலியானதை நான் இங்கே பெரிதாகச் சொல்லப் போவதில்லை. என் மனதில் நிற்பது கூடுவாஞ்சேரி வரப்போகும் நேரம்தான்.

எல்லாரும் கவர்களை மூட்டையில் திணித்துக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் அம்மா வந்தார். கையில் ஒரு கவர் நிறைய பீன்ஸ். தோழி எழுந்து நின்றுவிட்டாள். நான் பேசியதற்கு இப்போது எல்லார் முன்னாலும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விழப்போகிறது என்று நினைத்தேன்.

கீரை அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. கவரை வாங்கிக்கொண்டே, நீங்களும் கூடுவாஞ்சேரிதானா, இந்தப் பிள்ளைங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா என்று சாதாரணமாகக் கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில், அந்தக் கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

"இவ என் பொண்ணு. நீங்க பேசினீங்களே, அந்த டீச்சர் நான்தான். நாளைக்கு எங்க சர்ச்சுல எல்லாரும் என் பொண்ணு கடைக் கொழுக்கட்டைதான் சாப்பிடப் போறோம்."

கீரை அக்கா அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டார்.

வண்டி நின்றது. மூட்டையை இழுத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் இறங்கினோம். இறங்கியதும் தோழி நின்ற இடத்திலேயே நின்று, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். இத்தனை மாதம் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நிறைய பேருக்கு டீச்சரைத் தெரியும், திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அழறதை வீட்ல போய் அழுதுக்கலாம். அந்தப் பக்கம் பிடி."