குழாய் இறங்கிய கிணறு

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் வேலை. மாதம் ஒருமுறை குறிப்பிட்ட கிணறுகளுக்குப் போய், குண்டு கட்டிய டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு அக்காவின் கிணறும் அதில் ஒன்று. கணவர் இல்லாதவர். அந்தக் கிணற்றை நம்பி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார்.

ஒரு கோடையில் போனபோது, அடியில் கிடக்க வேண்டிய தண்ணீர் பாதிக் கிணறு வரை நின்றது. சுவரோரமாக ஒரு கருப்புக் குழாய் உள்ளே இறங்கியிருந்தது. நிலத்தின் மூலையில் புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, அங்கிருந்து பயிருக்கு இறைத்துக்கொண்டிருந்தார்.

"இது கெணத்து ஊத்துத் தண்ணி இல்லியேக்கா," என்றேன்.

"தண்ணியில என்னா சார் சொந்தத் தண்ணி, வாடகைத் தண்ணி? கண்ணுக்குத் தெரியறத எழுதுங்க," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கரண்டு கெணத்துக்குத்தான் குடுத்தாங்க. கெணறு காஞ்சிடுச்சுன்னு எழுதினீங்கன்னா புடுங்கிடுவாங்க சார்."

குழாயைப் பற்றி எழுத நோட்டில் இடமிருந்தது. நான் அடிக்கணக்கை மட்டும் எழுதினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அப்படியே.

சில வருஷங்களில் அந்தப் பக்கம் லாட்ஜுகள் எழும்பின. ஒவ்வொன்றுக்கும் ஆழமாக ஒரு போர். அக்காவின் போரில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பக்கத்து மனையிலும் லாட்ஜுக்குப் போர் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதைத் தடுக்கச் சொல்லி மனுவோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

அதிகாரி என் நோட்டைப் புரட்டினார். "ஏம்மா, உங்க கெணத்துல இத்தன வருஷமா தண்ணி எறங்கவே இல்லியே. அங்க தண்ணி ஜாஸ்தின்னுதான் மேல எழுதி அனுப்பியிருக்கோம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் கையெழுத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருடைய கரண்டு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையும் போகும் என்பதுதான் முதலில் தோன்றியது.

வராந்தாவில் அவர் திட்டியிருக்கலாம். "நான் சொல்லித்தானே சார் எழுதினீங்க," என்றார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குப் பௌர்ணமியாச்சே, கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்ட மறிச்சிருப்பாங்க. பஸ்ஸு எங்க ஊரு வரைக்கும் போவுதா?"

தெரியாது என்றேன்.

மறுநாள் பக்கத்து மனைக்குப் போர் வண்டி வந்தது. நான் கீழ்பென்னாத்தூருக்குப் போய் மூன்று கிணறுகள் அளந்தேன்.