ஈறு கெட்டியான ஹெட்போன்

பல்லைக் குடையும் கருவியின் கீச்சொலி காதைக் கெடுத்துவிடும் என்று பயந்து, பல் டாக்டர் இசொகாய் சனிக்கிழமைகளில் நோயாளிகளையே பார்ப்பதில்லையாம். அகிஹபாரா மின்சாதனக் கடைத்தெருவில் ஒரு ஹெட்போன் கடையின் மூன்றாம் மாடியில் எனக்கு இதைச் சொன்னவர், என்னைப் போலவே அங்கே வாடிக்கையாக வரும் குபோதா. அவருக்குச் சொன்னவர் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவர். ஆகவே முழுதாக நம்ப வேண்டியதில்லை.

சனிக்கிழமை மதியம், ஹெட்போன்களைப் போட்டுக் கேட்டுப் பார்க்க, டாக்டர் அங்கே இருப்பது மட்டும் நிச்சயம். வந்ததும் கை கழுவுவார். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த துணியால் ஹெட்போனின் மெத்தைகளைத் துடைப்பார். விலைச்சீட்டைக் கவிழ்த்து வைப்பார். "விலையும் கூடச் சேர்ந்து பாடும், அதான்." பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார், காதோரக் காம்பு இடித்தால் மெத்தை சரியாகப் படியாமல் அடித்தள ஒலி ஒழுகிவிடுமாம். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது நானா தூணா என்று அவருக்குத் தெரியாது. தூணுக்கு முன்னால் குனிந்து வணங்கியிருக்கிறார்.

வயலின்களுக்கு முதுகு திறந்த, பூப்போன்ற ஹெட்போன். துறைமுகத்தில் நின்று அழும், 'எங்கா' என்ற பழைய சோகப் பாட்டுகளுக்கு மரக்கிண்ணம் வைத்தது. "அழுறவங்களுக்கு மரம்தான் தோது. இரும்புல அழுதா பக்கத்து வீட்டுக்காரங்க வந்துடுவாங்க." தீர்ப்பெல்லாம் தொழில் பாஷையில்தான். "பல்லு பளிச்சுனு இருக்கு. ஈறுதான் தொளதொள" என்றால், மேல் ஸ்வரங்கள் தெளிவு, அடித்தளம் பலவீனம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

போன சனிக்கிழமை அவர் எதையும் துடைக்கவில்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் ஷிஓரி காதைப் பிளக்கும் ஒரு மெட்டல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். வசந்தத்தில் தன் முதல் பாட்டுப் பதிவை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள்.

"கேட்டுட்டு என்ன சொன்னீங்க?" என்றாள் நுமாதா, அந்த மாடியின் விற்பனைப் பெண்.

"கிளினிக் சத்தத்த வீட்டுக்கும் கொண்டு வந்துட்டியேம்மான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏது பேச்சு. நேத்துதான் அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா, இன்னொரு தடவ கேட்டு வைக்கச் சொல்லு, நாளைக்கு அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்னு."

யார் வீட்டுச் சண்டையானாலும் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவது என் வழக்கம். "பிரமாதம்னு சொல்லிடுங்களேன் டாக்டர்."

"வலிக்காதுன்னு ஊருக்கே பொய் சொல்றவன் நான். அவகிட்ட மட்டும் செல்லாது. குரல்லயே கண்டுபிடிச்சிடுவா. நெசமாவே பிடிச்சாத்தான் உண்டு."

ஜாஸ் தவிர வேறெதையும் கேட்காத குபோதா தன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார். "எதுல கேட்டீங்க? அந்த வயலின் ஹெட்போன்லயா?"

டாக்டரின் காது சிவந்தது.

"பால்பல்லு பிடுங்கற இடுக்கியால கடைவாய்ப் பல்ல இழுத்துப் பார்த்துட்டு, பல்லு மேல பழி போட்டிருக்கீங்க" என்றார் குபோதா.

நுமாதா உள்ளே போய், முதுகு மூடிய, கருத்த, தடித்த ஒன்றைத் தூக்கிவந்தாள். "இது ஈறு கெட்டி. கழுத்து நொந்தா என்னைத் திட்டக்கூடாது."

டாக்டர் அப்போதுதான் துணியை எடுத்தார். துடைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தன் மியூசிக் பிளேயரில் மகளின் பாட்டைப் போட்டுவிட்டு ஒலியை வழக்கம்போல் அடியிலேயே வைத்திருந்தார். நுமாதா குனிந்து, மெத்தையை லேசாகத் தூக்கி, காதருகே சொன்னாள்: "கூட்டுங்க டாக்டர். வலிக்காது."

அவர் சிரித்துவிட்டார். கூட்டினார். கண்களை மூடிக்கொண்டார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிறர் வாய்க்குள் பார்க்கும்போதும் அவருக்கு அதே முகம்தான்.

ஐந்தாயிற்று. கடைக்குள் வரும் எல்லோரையும் போல அவரும் தொலைபேசியின் வாயை அடைத்து வைத்திருந்தார். அது மேசைமேல் நடுங்கிக்கொண்டே விளிம்பை நோக்கி நகர்ந்தது. திரையில் ஷிஓரியின் பெயர். விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் தோளுக்கு நீட்டினேன். நுமாதா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மேசைக்கடியில் காட்டினாள்.

தொலைபேசி என் உள்ளங்கையில் விடாமல் துடித்தது. கீழே டாக்டரின் வலது கால், குடையும் கருவியின் மிதியை நாளெல்லாம் அழுத்தும் அந்தக் கால், மகளின் தாளத்துக்கு ஓர் அடிகூடப் பிசகாமல் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.