தாழ்ப்பாளை அறுத்த சின்னவள்

எங்கள் வீட்டுச் சின்னவளை யாராவது புகழ ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. கல்யாணத்துக்கு முன்பு கருவிகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தவள். இப்போது புருஷனோடு போய், இடித்துக் கட்டும் வீடுகளில் பழைய ஜன்னல் சட்டம், துருப்பிடித்த குழாய் எல்லாம் அறுத்து எடுக்கிறாள். அதற்கென்று ஒரு மின்சார ரம்பம் வைத்திருக்கிறாள். விசையை அழுத்தினால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு விர்ரென்று முன்னும் பின்னும் ஓடும். தெருவில் எது சிக்கிக்கொண்டாலும் "சின்னவளைக் கூப்பிடு" என்பார்கள். தையல் மெஷினில் முதுகொடியத் தைக்கிற என்னை எந்த நாய் தேடுகிறது?

அவள் வேலை செய்வதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பிளேடு மாற்றுவதென்றால் முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, யாரும் திரும்பச் சொருகாமலிருக்க வயரைக் காலால் மிதித்துக்கொள்வாள். மரத்துக்கு ஒரு பிளேடு, இரும்புக்குப் பல் நெருக்கமான வேறொன்று. சுவரில் கை வைக்கும் முன் உள்ளே வயர் ஓடுகிறதா, குழாய் ஓடுகிறதா என்று ஆயிரம் ஆராய்ச்சி. "ரொம்பத்தான் பண்றா" என்று முணுமுணுப்பேன். மாமியாருக்கோ பூரிப்பு தாங்காது. "வாம்மா, களைச்சு வந்திருப்பே" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். எனக்கு ஒரு நாளும் அந்த 'வாம்மா' கிடைத்ததில்லை.

போன வாரம் மாமியார் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். இரும்புத் தாழ்ப்பாள் துருவேறி இறுகிவிட்டது. நான் வெளியிலிருந்து சுத்தியலால் நாலு போடு போட்டேன். அது இன்னும் கெட்டியாகிவிட்டது.

"நீ விடுடி. சின்னவளைக் கூப்பிடு" என்றார் உள்ளிருந்து. செருப்பால் அடித்தது போலிருந்தது.

அவளும் வந்தாள். நானே அறுத்துக் காட்டிவிடுகிறேன் என்ற ஆத்திரத்தில் ரம்பத்தைப் பிடுங்கிக் கையில் எடுத்தேன்.

"வேண்டாங்க்கா. பிளேடு அந்தப் பக்கமும் நீட்டிக்கும். அத்தை கை தாழ்ப்பாள் மேலயே இருக்கு, ஆட்டற சத்தம் கேக்குது பாருங்க."

பிளேடின் நீளத்தைப் பார்த்தேன். கீழே வைத்துவிட்டேன்.

அவள் இரும்பு பிளேடைப் பூட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். "அத்தை, எதிர்ச் சுவரோரமா போய் நில்லுங்க. விடாம பேசிக்கிட்டே இருங்க. குரல் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் அறுப்பேன்."

"என்னத்தப் பேசறது?"

"வாய்க்கு வந்ததைப் பேசுங்க."

வாய்க்கு வந்தது என்ன தெரியுமா? "பெரியவளே! அடுப்ப அணைச்சியாடி? கொடியில துணி கிடக்கு, மழை வந்தா யாரு எடுப்பா? சுத்தியலால கதவையே பேத்து வச்சிருப்பியே, எப்பப் பாரு உனக்கு அவசரம்!"

நான் கதவு ஆடாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் கதவிடுக்கில் பிளேடை விட்டு, பிளேடின் அடியில் பாதம் போலிருக்கும் தகட்டை நிலைச்சட்டத்தோடு ஒட்டி அழுத்தினாள். கொஞ்சம் அறுப்பாள், நிறுத்துவாள், குரலைக் கேட்பாள், மறுபடி அறுப்பாள். திணிக்கவே இல்லை. தாழ்ப்பாள் துண்டானதும், பிளேடு ஓய்ந்ததைப் பார்த்த பிறகுதான் வெளியே இழுத்தாள்.

மாமியார் வெளியே வந்து அவள் கன்னத்தைத் தடவி, "நல்லா இரும்மா" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார்.

"எல்லாம் உனக்குத்தான். நான் யாரோ எவளோ!" என்று வெடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சின்னவள் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினாள். "ஏங்க்கா, உள்ளே பயந்துக்கிட்டு நின்னப்ப அவங்க யார்கிட்ட பேசினாங்க? ரம்பத்தோட நிக்கிறவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினாங்களா? உங்களைத் திட்டற மாதிரி என்னை ஒரு நாளாவது திட்டியிருக்காங்களா? விருந்தாளியத்தான் உக்கார வச்சு உபசரிப்பாங்க. எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கு தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் அறையிலிருந்து சத்தம். "பெரியவளே! தொண்டை காயுது, தண்ணி கொண்டாடி! எங்கேடி போய்த் தொலைஞ்சே?"

சின்னவளின் முகம் சுருங்கியது. நான் பதில் குரல் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும், அவளும் கேட்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.